பிடித்த பாத்திரத்தை உங்கள் சொந்தப் பாணியில் வரைவது எப்படி: ரசிகர் ஓவியத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரசிகர் ஓவியம், அதாவது ஃபேன் ஆர்ட், வரையத் தொடங்குபவர்களின் படங்கள் பெரும்பாலும் இரண்டு வகைகளில் தவறுகின்றன. சில படங்கள் மூலத்தின் மேல் தாளை வைத்து எடுத்தவை போல இருக்கும்; வரைந்தவர் யார் என்பதற்கு அவற்றில் எந்தத் தடயமும் இராது. வேறு சிலவற்றில் வரைந்தவரின் கை நன்றாகத் தெரியும், ஆனால் எந்தப் பாத்திரம் என்பது கீழே பெயர் எழுதினால்தான் விளங்கும். எதிரெதிரான தவறுகளாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பாத்திரத்துக்குச் சொந்தமானது எது, அதை முதலில் வரைந்த ஓவியரின் கைக்குச் சொந்தமானது எது என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பென்சில் ஓடத் தொடங்கிவிடுகிறது.

இந்தப் பிரிப்பு எவ்வளவு தூரம் சாத்தியம் என்பதை 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் இணையம் முழுவதும் பார்த்தது. ‘செய்லர் மூன்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் ஒரே ஒரு காட்சியை எண்ணற்ற ஓவியர்கள் தத்தம் பாணியில் மறுபடி வரைந்து பகிர்ந்தார்கள். நீர்வண்ணம், தடித்த கார்ட்டூன் கோடு, எண்ணெய் ஓவியம் போன்ற தோற்றம் என எதில் வரைந்திருந்தாலும், இரண்டு உருண்டைக் கொண்டைகளும் அவற்றிலிருந்து தொங்கும் நீண்ட கூந்தலும் இருந்தவரை பாத்திரத்தை அடையாளம் காண்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. அந்தப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே ஒரு நல்ல பாடம்.

கீழே வரும் படிகளுக்கு உதாரணமாக ஒரு கற்பனைப் பாத்திரத்தை வைத்துக்கொள்வோம். சிவப்பு முக்காடு அணிந்த ஒரு சிறுமி. இடது கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு. தன் உயரத்தைவிட நீளமான வாள் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எப்போதும் சற்று முன்னோக்கிக் குனிந்தபடியே நிற்பவள்.

படி 1: ஏன் வரைகிறோம் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

“அவளை எனக்குப் பிடிக்கும்” என்பது போதாது. “தூக்க முடியாத சுமையை விடாமல் தூக்குகிறாள், அதனால் பிடிக்கும்” என்று எழுதினால் படத்தில் வாளின் எடை தெரிய வேண்டும் என்பது உடனே முடிவாகிவிடுகிறது. “யாரையும் நம்பாத பார்வை பிடிக்கும்” என்று எழுதுபவர் முகத்தையே முதன்மையாக வைத்து வேறொரு படத்தை வரைவார். பின்னால் எழும் பல கேள்விகளுக்கு இந்த ஒரு வாக்கியமே விடை சொல்லும் என்பதால் அதைத் தாளின் ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது.

படி 2: மாதிரிப் படங்களைச் சேகரியுங்கள்

முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், ஓடும் நிலை, கோபம், சிரிப்பு என்று பல நிலைகளில் மூலப் படைப்பிலிருந்தே படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அனிமேஷன் படைப்பு என்றால், பல ஓவியர்கள் ஒரே பாத்திரத்தை ஒரே மாதிரி வரைவதற்காகத் தயாரிக்கப்படும் மாடல் ஷீட் சில நேரங்களில் அதிகாரபூர்வ ஓவியத் தொகுப்புகளில் அச்சாகியிருக்கும். அது கிடைத்தால் வேறு எதுவும் அவ்வளவு பயன்படாது. வலம் இடம் மாறிய படங்களில் கவனம் தேவை. தழும்பு எந்தக் கன்னத்தில் இருக்கிறது என்பதை மற்ற ரசிகர்கள் உங்களைவிட நன்றாக அறிந்திருப்பார்கள்.

மற்றவர்கள் வரைந்த ரசிகர் ஓவியங்களை இந்தக் கட்டத்தில் பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அவை ஒவ்வொன்றிலும் வேறொருவர் கண்டுபிடித்த விடைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டால் நம் கண்ணுக்கு அந்த விடைகளே கேள்விகளாகத் தோன்றத் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக உண்மையான பொருள்களின் படங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமான துணி தலையிலிருந்து தோளுக்கு எப்படி மடிந்து விழுகிறது, ஒரு குழந்தை கனமான பொருளைத் தூக்கும்போது இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பவற்றை மூலப் படைப்பு சுருக்கியே காட்டியிருக்கும். அந்தச் சுருக்கத்தையே நீங்களும் சுருக்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. உண்மைப் பொருளுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து நீங்களே சுருக்கும்போதுதான் சுருக்கும் விதம் உங்களுடையதாகிறது.

படி 3: பாத்திரத்தையும் ஓவியரின் கையையும் பிரித்தெடுங்கள்

இதுவே வேலையின் மையம். இதற்கு வரையும் நேரத்தின் பாதியைச் செலவிட்டாலும் தகும்.

மாதிரிப் படங்களைச் சில நிமிடங்கள் கூர்ந்து பார்த்தபின் மூடிவைத்துவிட்டு, பாத்திரத்தை நினைவிலிருந்து வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. வரைந்து முடித்ததும் மூலத்தோடு ஒப்பிட்டால் இரண்டு செய்திகள் கிடைக்கும். நினைவு எவற்றைத் தவறாமல் கொண்டுவந்ததோ அவை பெரும்பாலும் பாத்திரத்தின் அடையாளங்கள். நினைவு மறந்த இடங்களைக் கை எதைக்கொண்டு நிரப்பியதோ, அது உங்கள் பாணியின் முதல் தடயம்.

அடுத்து, பாத்திரத்தை முழுக்க ஒரே கறுப்பாக நிரப்பி நிழலுருவாக வரைந்து பாருங்கள். தூரத்தில் வருபவரை முகம் தெரியும் முன்பே நடையை வைத்து நாம் கண்டுகொள்வது போல, நன்றாக வடிவமைக்கப்பட்ட பாத்திரத்தை வெளிவடிவத்தை மட்டும் வைத்தே கண்டுகொள்ள முடியும். நம் சிறுமியின் நிழலுருவில் முக்காட்டின் கூர்முனையும், தோளைத் தாண்டி நீளும் வாளும், முன்னோக்கிய குனிவும் தெரியும். தழும்பு தெரியாது. ஆகவே தழும்பு இரண்டாம் நிலை அடையாளம். தூரக் காட்சியில் அதை விட்டுவிடலாம், முகத்தை நெருங்கி வரைந்தால் விடக் கூடாது.

பிறகு அடையாளங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். முக்காட்டைப் பச்சையாக்கினால் அவள்தானா? வாளைச் சிறிதாக்கினால்? நிமிர்ந்து நிற்க வைத்தால்? எதை மாற்றும்போது பாத்திரம் காணாமல் போகிறதோ, அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்து பார்த்தால் பெரும்பாலான பாத்திரங்களுக்கு மூன்று முதல் ஐந்து அடையாளங்களே மிஞ்சும், மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் நினைத்ததைவிட அதிகச் சுதந்திரம் இருப்பது தெரியவரும்.

மூல ஓவியத்தின் பல கூறுகள் பாத்திரத்துக்காக வந்தவையே அல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி அனிமேஷனில் ஒரே தடிமன் கொண்ட மெல்லிய கோடும், இரண்டே படிகளில் முடிந்துவிடும் நிழலும் இருப்பதற்கு முக்கியக் காரணம், ஆயிரக்கணக்கான படங்களைப் பலர் சேர்ந்து குறித்த காலத்துக்குள் வரைந்தாக வேண்டும் என்பதுதான். ஜப்பானியச் சித்திரக்கதைகளான மாங்காவில் சாம்பல் பகுதிகள் புள்ளிகளால் ஆன ஸ்கிரீன்டோனாக இருப்பது, கறுப்பு மை ஒன்றை மட்டுமே கொண்டு அச்சிடுவதால் வந்தது. வீடியோ கேம் பாத்திரங்களின் உடைகளில் சில நேரங்களில் காணும் பளிச்சென்ற நிறப்பிரிவுகள், திரையில் சிறிதாகத் தெரியும்போதும் பாத்திரத்தைக் கண்டுகொள்வதற்காக வைக்கப்பட்டவை. நீங்கள் வரையப்போவது ஒரே ஒரு படம். அந்தக் கட்டாயங்கள் எவையும் உங்களுக்கு இல்லை. கட்டாயம் இல்லாதபோதும் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் பல ரசிகர் ஓவியங்கள் நிறுத்திவைத்த திரைக்காட்சி போலக் காட்சியளிக்கின்றன.

படி 4: உங்கள் கையை நீங்களே படியுங்கள்

“எனக்கென்று பாணி இல்லை” என்று சொல்பவர்கள் தங்கள் பழைய படங்களை ஒன்றாகப் பரப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு வருடத்துப் படங்களை ஒரே பார்வையில் தெரியும்படி வைத்து, யாரோ ஒருவர் வரைந்தவை என்று எண்ணிக்கொண்டு பாருங்கள். கோடு ஒரே வீச்சில் போகிறதா, சிறு சிறு கோடுகளாகச் சேர்கிறதா? மூலைகள் வளைகின்றனவா, கூராக முறிகின்றனவா? தலைகள் வழக்கமாகப் பெரிதாகின்றனவா? எந்த இடத்தில் விவரம் கூடுகிறது, எந்த இடத்தில் கை சோர்ந்துவிடுகிறது? கூந்தலை ரசித்து வரைந்துவிட்டுக் காலணிகளை அவசரமாக முடிப்பவர் என்றால், அந்த ஏற்றத்தாழ்வையே திட்டமிட்டுச் செய்யும்போது அது பாணியாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னால் மறைத்து வரைபவர் “அது என் பாணி” என்று சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பாணியையும் பயிற்சிக் குறைவையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும்: வேண்டுமென்றால் அதை மாற்றி வரைய முடிகிறதா? மாற்றி வரைய முடிந்தும் மாற்றாமல் விட்டால் அது பாணி. மாற்றவே வரவில்லை என்றால் அது இன்னும் கற்க வேண்டிய பாடம்; அதற்கு மருந்து நேரில் பார்த்து வரையும் பயிற்சி மட்டுமே.

பிடித்த ஓவியர்களின் தாக்கத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அதைத் துல்லியமாகப் பெயரிட வேண்டும். “இவருடைய ஓவியம் பிடிக்கும்” என்பதற்குப் பதிலாக “இவர் கூந்தலை இழைகளாக அல்லாமல் ஒரே திரளாக வரைகிறார்”, “அவர் நிழலின் விளிம்பில் மட்டும் செம்மை சேர்க்கிறார்” என்று எழுதுங்கள். ஒருவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுப்பது நகல். பலரிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றை உங்கள் கைப்பழக்கத்தோடு மோதவிடும்போது யாருடையதும் அல்லாத ஒன்று உருவாகத் தொடங்கும்.

படி 5: ஒரு முறை அப்படியே நகலெடுத்துவிட்டு ஒதுக்கிவையுங்கள்

சொந்தப் பாணிக்கான வழியில் நகலெடுப்பதா என்று தோன்றலாம். மூல ஓவியர் எடுத்த முடிவுகளைக் கையால் உணர்ந்து பார்த்தால்தான் எவற்றை மாற்றலாம் என்பது தெரியும். வின்சென்ட் வான் கோ 1889–90இல் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மிலேயின் ஓவியங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட முறை வரைந்தார். உருவங்களின் நிலையை மிலேயிடமிருந்து எடுத்துக்கொண்டு, நிறத்தையும் தூரிகை வீச்சையும் தன்னுடையதாக்கினார். ஓர் இசையமைப்பாளரின் படைப்பை இசைக்கலைஞர் தன் போக்கில் வாசிப்பதோடு அதை ஒப்பிட்டுத் தன் தம்பிக்குக் கடிதமும் எழுதினார். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று முன்பே முடிவு செய்துகொண்டதுதான் இதில் நாம் பார்க்க வேண்டியது. இந்தப் பயிற்சி நகலை வெளியிட வேண்டாம். முடித்ததும் மாதிரிப் படங்களோடு சேர்த்து மூடிவிடுங்கள்.

படி 6: சிறு வரைவுகளில் மாற்றிப் பாருங்கள்

தீப்பெட்டி அளவுக் கட்டங்களைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எந்த மாற்றம் வேலை செய்தது, எது பாத்திரத்தைக் கொன்றது என்று தெரியாது.

விகிதத்திலிருந்து தொடங்கலாம். வளர்ந்த மனிதரின் உடல் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம். வீர நாயகர்களை எட்டுத் தலைக்கும் மேல் நீட்டுவது வழக்கம். சிபி எனப்படும் குட்டி வடிவங்கள் இரண்டு அல்லது மூன்று தலையில் முடிந்துவிடும். நம் சிறுமியை மூலத்தில் ஐந்து தலை உயரத்தில் வரைந்திருந்தால் அவளை மூன்று தலைக்குச் சுருக்கிப் பாருங்கள், பிறகு ஆறரைக்கு நீட்டிப் பாருங்கள். ஆனால் வாளுக்கும் அவளுக்கும் உள்ள விகிதத்தைத் தொடாதீர்கள், ஏனென்றால் வாள் அவளைவிட நீளம் என்பது அடையாளப் பட்டியலில் இருக்கிறது. அவளை நீட்டினால் வாளும் நீள வேண்டும்.

அடுத்தது வடிவம். வட்டம் மென்மையையும், சதுரம் உறுதியையும், முக்கோணம் வேகத்தையோ ஆபத்தையோ நினைவூட்டும் என்பது பாத்திர வடிவமைப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். மூலத்தில் முக்காடு கூரான முக்கோணமாக இருக்க, உங்கள் கை இயல்பாகவே வட்டங்களை நாடுகிறது என்றால், உடலை வட்டங்களால் கட்டி முக்காட்டின் முனையை மட்டும் கூராக விடலாம். மென்மையான உருவத்தில் ஒரே ஒரு கூர்முனை இருப்பதால் அது மூலத்தில் இருந்ததைவிட அழுத்தமாகவே தெரியும்.

மூன்றாவது, விடுதல். ஒரு பாணியைப் பாணியாக்குவதில் பெரும்பங்கு வரையாமல் விட்டவற்றுக்கு உண்டு. உடையின் இருபது மடிப்புகளில் எந்த மூன்றை வைத்துக்கொள்கிறீர்கள்? மூக்கைக் கோடாக வரைகிறீர்களா, நிழலாகவா, விட்டே விடுகிறீர்களா? புதியவர்கள் பெரும்பாலும் கண்களை மட்டும் தம் வழியில் வரைந்துவிட்டு மற்றவற்றை மூலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட படத்தில் கண்கள் முகத்தில் ஒட்டவைத்தவை போல நிற்கும். கண்ணுக்கு எடுத்த முடிவையே காதுக்கும் விரலுக்கும் துணி மடிப்புக்கும் எடுக்க வேண்டும்: கண்ணின் மேலிமையைத் தடித்த ஒரே கோட்டால் வரைந்தால், மடிப்பின் ஆழமான பகுதியையும் அதே தடித்த கோட்டால் வரையுங்கள்.

நடிகர் ஏற்று நடித்த பாத்திரம் என்றால் கூடுதலாக ஒரு வேலை உண்டு. உறுப்புகளைவிட அவற்றுக்கு இடையிலுள்ள தூரங்களே முகச்சாயலைத் தாங்குகின்றன: இரு கண்களின் இடைவெளி, மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரை உள்ள நீளம், புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள பரப்பு. சராசரி முகத்திலிருந்து எந்தத் தூரம் விலகியிருக்கிறதோ அதைச் சற்று மிகைப்படுத்தினால், கோடுகள் எவ்வளவு எளிமையானவையாக இருந்தாலும் சாயல் நிற்கும்.

படி 7: நிறம்

திரைக்காட்சியிலிருந்து, தொட்ட இடத்தின் நிறத்தை அப்படியே எடுத்துத் தரும் ஐடிராப்பர் கருவியால் நிறத்தை எடுப்பது பலருடைய பழக்கம். அப்படிக் கிடைப்பது அந்தக் காட்சியின் வெளிச்சத்தில் தெரிந்த நிறம். மாலைக் காட்சியில் எடுத்த சிவப்பு பகல் படத்தில் மங்கிய பழுப்பாகத் தெரியும். மேலும் ஒரு பாத்திரத்தின் நிற அடையாளம் துல்லியமான நிறக்குறியீட்டில் இருப்பதைவிட நிறங்களின் பங்கீட்டில்தான் அதிகம் இருக்கிறது. நம் சிறுமியிடம் சிவப்பு ஒரே இடத்தில், தலையைச் சுற்றி மட்டும் இருக்கிறது, மற்றவை மங்கலானவை. இந்தப் பங்கீடு இருக்கும்வரை சிவப்பைச் செங்கல் நிறமாகவோ ஆரஞ்சுக்கு நெருக்கமாகவோ மாற்றலாம், நிழல்களை நீலத்தில் தோய்க்கலாம். வானத்தையும் சிவப்பாக்கினால் முக்காடு தன் இடத்தை இழந்துவிடும்.

நான்கைந்து நிறங்களுக்குள் படத்தை முடிக்க உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்வது, பாணியை விரைவில் வெளியே கொண்டுவரும் வழிகளில் ஒன்று. நிறமிட்ட பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் சிக்கல் நிறத்தில் இல்லை, ஒளி இருள் வேறுபாட்டில் இருக்கிறது.

படி 8: இறுதிப் படம்

கணினியில் வரைபவர்கள் அச்சிடும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே ஏ4 அளவை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), அதாவது 2480 × 3508 பிக்சல்களில் அமைத்துக்கொள்ள வேண்டும். சிறிய படத்தைப் பின்னால் பெரிதாக்கினால் கோடுகள் மங்கும். திரையில் மட்டும் காட்டுவதாக இருந்தால் திரைகளுக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி (sRGB) நிற அமைப்பு போதும். அச்சில் பளிச்சென்ற நீலமும் பச்சையும் மங்கிவிடும் என்பதால் ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பார்ப்பது நல்லது. தாளில் வரைபவர்கள் சிறு வரைவைப் பெரிதாக்கி, அடியிலிருந்து ஒளி தரும் லைட் பாக்ஸின் உதவியோடு நல்ல தாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சிறு வரைவில் இருந்த உயிர் இறுதிக் கோட்டில் இறந்துவிடுவது மிகப் பரவலான சிக்கல். வரைவின் கோடுகளை மேலே மெதுவாகத் தொடர்ந்து போவதே இதற்குக் காரணம். வரைவை மிக மங்கலாக்கிவிட்டு, அதை வெறும் வழிகாட்டியாக வைத்து, முழங்கையிலிருந்து வீச்சாக மறுபடி வரையுங்கள். சில கோடுகள் விலகும், பரவாயில்லை. அவ்வப்போது படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் சாய்ந்த முகமும் ஒன்றுக்கொன்று ஏறியிறங்கிய கண்களும் உடனே அகப்படும். திருப்பியதை மறந்து தழும்பை வலக் கன்னத்தில் வைத்துவிடாதீர்கள்.

படி 9: இரண்டு பேரிடம் காட்டுங்கள்

பாத்திரத்தை அறிந்த ஒருவரிடம் பெயர் சொல்லாமல் காட்டி, யார் என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அடையாளப் பட்டியலில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. பாத்திரத்தை அறியாத, ஆனால் உங்கள் மற்றப் படங்களைப் பார்த்திருக்கும் ஒருவரிடம், வேறு ஓவியர்களின் படங்களோடு கலந்து காட்டி, எது உங்களுடையது என்று கேளுங்கள். அவர் தவறாகச் சொன்னால் நான்காம், ஆறாம் படிகளுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு சோதனைகளிலும் ஒரே படம் தேறுவது கடினம். முதல் சில படங்களில் ஒன்றில் தேறினாலே நல்ல முன்னேற்றம்.

படி 10: உரிமையும் நாகரிகமும்

பாணி உங்களுடையதாக இருந்தாலும் பாத்திரம் உங்களுடையதாகிவிடாது. பதிப்புரிமை உள்ள ஒரு பாத்திரத்தை வரைவது பல நாடுகளின் சட்டப்படி வழிப்படைப்பாக, அதாவது இன்னொரு படைப்பிலிருந்து உருவான படைப்பாகக் கருதப்படக்கூடும். வருமானம் நோக்காத ரசிகர் ஓவியங்களை உரிமையாளர்கள் பலர் கண்டுகொள்வதில்லை, சிலர் வரவேற்கவும் செய்கிறார்கள். எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்று வெளிப்படையாக விதிகளை வெளியிட்டுள்ள நிறுவனங்களும் உண்டு. அச்சுப் பிரதிகளையோ பணம் வாங்கி வரையும் கமிஷன்களையோ தொடங்கும் முன் அந்த விதிகளைத் தேடிப் படிப்பது கட்டாயம். மூலப் படைப்பின் பெயரைக் குறிப்பிடுவது மரியாதை. அது அனுமதிக்கு ஈடாகாது. அமெரிக்கச் சட்டத்திலுள்ள நியாயமான பயன்பாடு என்ற விதியும் தானாகக் கிடைக்கும் பாதுகாப்பு அல்ல, நான்கு அளவுகோல்களை வைத்து ஒவ்வொரு வழக்கிலும் தனியே எடைபோடப்படுவது.

காலம் கடந்து பொதுவுடைமையான, அதாவது பதிப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தக்கூடிய பாத்திரங்களிலும் கவனம் வேண்டும். 1928இல் வெளியான ‘ஸ்டீம்போட் வில்லி’யில் வரும் மிக்கி மவுஸ் 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவுடைமையானது. அப்போது அந்தப் பழைய கறுப்பு வெள்ளை வடிவத்துக்கு மட்டுமே இது பொருந்தியது. பின்னால் வந்த பல வடிவங்களுக்கு உரிமை தொடர்கிறது, வணிகமுத்திரைச் சட்டமும் தனியாக இருக்கிறது.

வேறொரு ரசிகரின் படத்தைப் பார்த்து நிலையையோ உடை மாற்றத்தையோ எடுத்திருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். அவர் படத்தின் மேல் கோடு போட்டு எடுத்ததை உங்கள் படைப்பாக வெளியிடாதீர்கள். உங்கள் கோப்பை லேயர்களோடு, அதாவது தனித்தனி அடுக்குகளோடு சேமித்து வையுங்கள். யாராவது உங்கள் படத்தைத் தமதென்று சொன்னால் அதுவே எளிய சான்று.

படி 11: அதே பாத்திரத்தை மறுபடி வரையுங்கள்

ஒரு படம் முடிந்ததும் வேறு பாத்திரத்துக்குத் தாவுவதைவிட அதே பாத்திரத்தோடு சில காலம் தங்குவது பாணிக்கு அதிகம் உதவும். 1957இல் பிகாஸோ, பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை எடுத்துக்கொண்டு, சில மாதங்களுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் திரும்பத் திரும்ப வரைந்தார். சிலவற்றில் முழுக் காட்சியும், சிலவற்றில் ஓர் இளவரசியின் தலை மட்டும். மூலத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகினாலும் காட்சி அறியத்தக்கதாகவே இருந்தது. நம் சிறுமியை அடுத்த முறை மாதிரிப் படங்களைத் திறக்காமலே வரையுங்கள். அதற்கடுத்த முறை வாளில்லாமல், உறங்கும் நிலையில், முக்காட்டையும் குனிந்த முதுகையும் மட்டும் வைத்துக்கொண்டு முயலுங்கள். அதன்பின் உங்கள் கைப்பழக்கத்துக்கு நேர் எதிரான வடிவம் கொண்ட ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.